ஞாயிறு வரை

பெலியப்பா கொடுத்த நாள் ஞாயிறு, காலை ஒன்பது.
பொம்மசந்திராவில் அவன் ஷெட்.
தரையில் உருளைகள். அவற்றின் மேல்
நின்ற இடத்திலேயே வண்டி நூற்றைம்பதில் ஓடும்.
லிங்கராஜபுரத்திலிருந்து இருபத்தெட்டு கிலோமீட்டர்.
கருகாமல் போய்ச் சேர வேண்டும்.
அவ்வளவுதான் என் வேலை.

பழைய எஸ்டீம்.
டர்போ, இடிபட்ட ஒரு டீசல் வண்டியில் கழற்றியது.
இன்ஜெக்டர் பெரிது, பம்பு புதிது,
மேப் மட்டும் இரவல்:
சென்னைக்காரன் ஒருவன் பென்டிரைவில் கொடுத்த
கடல்மட்டத்துக் கணக்கு.
இங்கே மூவாயிரம் அடி உயரத்தில்
காற்றே கொஞ்சம் இளைத்தது.
அப்படியானால் பெட்ரோல் மிஞ்ச வேண்டும்.
மீட்டரோ பதினாறு என்றது.
பதினாறு என்றால் வறட்சி.
நிற்கும்போதே இப்படியென்றால்
டர்போ ஊதும்போது பிஸ்டனில் ஓட்டைதான்.

வியாழன் இரவு ஐந்து சதம் ஏற்றினேன்.
பதினாறு.
இன்னொரு ஐந்து.
பதினைந்தே முக்கால்.
மடியில் லேப்டாப், தொடையில் அதன் சூடு.
டேங்கர் வந்த நாளில்
வரிசைக் குடங்களுக்கு ஊற்றுவது போல
கட்டம் கட்டமாகக் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினேன்.
கண் எரிந்தது.
மாடியிலிருந்து ரேணுகம்மா கத்தினாள்:
"ஹொகே! ஜெசிந்தா, ஹொகே!"
காய்ந்துகொண்டிருந்த அவள் தலையணை உறையில்
கரிப்புள்ளிகள்.
பட்டினி கிடக்கிற வண்டி
இப்படியா புகை விடும்?
கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.
எண்ணை நம்பினேன்.

வெள்ளி இரவு முனாவர் ஷிப்டு முடித்து வந்தான்.
மீட்டரைப் பார்க்கவே இல்லை.
டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்தான்,
என் மூக்கருகே நீட்டினான்.
எண்ணெயில் பெட்ரோல்.
பிறகு பிளக்கைக் கழற்றினான்.
பகல் முழுக்கப் பல் லேபில்
பீங்கானுக்கு நிறம் பார்க்கிறவள் நான்.
இதற்கு என் நிற அட்டையில் பெயரில்லை.
கண்மை. ஈரக் கண்மை.

மீட்டர் பட்டினி என்கிறது,
பிளக் ஏப்பம் விடுகிறது.

சனி விடியலில் குளிர்ந்த வண்டியை முடுக்கினோம்.
டிக், டிக், டிக். சூடேறியதும் சத்தம் அடங்கியது.
நிறுத்தி, ஆறவிட்டு,
வேக்யூம் கிளீனரைத் திருப்பி மாட்டி
சைலன்சர் வாயில் ஊதவிட்டான்.
நான் சோப்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டே போனேன்.
சென்சாருக்கு ஒரு சாண் முன்னால், இணைப்பில்,
நுரை கொப்பளித்தது.

நூற்றெண்பது ரூபாய் மிச்சம் பிடிக்க
பழைய கேஸ்கட்டையே மாட்டியது யார்
என்று அவன் கேட்கவில்லை.
அந்தப் பிளவு வழியே வெளிக்காற்றைக் குடித்துவிட்டு
உள்ளே பஞ்சம் என்றிருக்கிறது சென்சார்.
அதை நம்பி மூன்று நாள்
நான் ஊட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

ஜே.சி. ரோட்டில் கேஸ்கட், புது எண்ணெய்.
ஏற்றியதையெல்லாம் இறக்கினேன்.
பன்னிரண்டரை.
"இன்னும் கொஞ்சம் இறக்கட்டுமா?"
"வேண்டாம். கொழுத்தே இருக்கட்டும்.
பத்தியம் வைப்பது பெலியப்பா வேலை."

ஞாயிறு. சில்க் போர்டு சிக்னல்.
முள் மூவாயிரம் தாண்டக் கூடாது.
இடப்பக்கம் நின்ற ஆட்டோக்காரர்
பானெட்டைப் பார்த்தார், சைலன்சரைப் பார்த்தார்.
பச்சை விழுந்ததும்
என்னை முந்திப் போனார், சிரித்துக்கொண்டே.
பின்னால் ஒரு பேருந்து.
அதன் பின்னால் தண்ணீர் கேன் ஏற்றிய டெம்போ.
அதுவும் முந்தியது.

ஒன்பது மணிக்கு ஒரே தட்டில்
என் எண்களையெல்லாம் அழித்துவிடுவான் பெலியப்பா.
அழிக்கட்டும்.
ஹெப்பகோடி வந்தாயிற்று.
பன்னிரண்டு புள்ளி நான்கு.
பன்னிரண்டு புள்ளி ஐந்து.
பன்னிரண்டு புள்ளி நான்கு.